மயக்கமா, கிறுதியா? ஒரு சொல்லால் போன லைசென்ஸ்

2011ஆம் ஆண்டு கந்தசஷ்டி. என்னுடைய மாமா, அம்மாவின் தம்பி, ஆறு நாளும் விரதம் பிடிக்கிற ஆள். பகலில் ஒரு கோப்பை பால், இரவில் கொஞ்சம் பழம். அவ்வளவுதான். அதோடு டெலிவரி லொறியும் ஓடுவார். ஐந்தாம் நாள் விடியக் குளித்துவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் நின்றவருக்கு ‘மயக்கம்’ வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்துவிட்டார். மாமி பயந்துபோய் எனக்கு ஃபோன் எடுத்தா. நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஸ்காபரோவில் ஓர் எமர்ஜென்சிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலத்துக்கு நான்தான். பதினாறு வயதில் ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து வங்கி, பள்ளிக்கூடம், வக்கீல், பல்லு டொக்டர் என்று எல்லா இடத்துக்கும் நான்தான் வாய். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

டொக்டர் இளம் பெண். என்ன நடந்தது என்று கேட்டா.

“மயக்கம் வந்தது பிள்ளை. சொல்லு” என்றார் மாமா.

நான் யோசிக்கவே இல்லை. ‘ஹி ஃபெயின்டட்’ என்று சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று டொக்டர் கேட்டா. மாமாவிடம் கேட்டேன். “ஒரு ரெண்டு நிமிசம் இருக்கும்” என்றார். ‘டூ மினிட்ஸ்’ என்றேன். டொக்டரின் முகம் மாறியது. எழுதினா, எழுதிக்கொண்டே இருந்தா. அதற்குப் பிறகு இரத்தம், ஈசிஜி, தலைக்கு ஸ்கான். எல்லாம் சரியாகவே இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். எவ்வளவு வடிவாப் பாத்தவை என்று மாமி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தா.

பிறகு ஒரு நாள் போக்குவரத்து அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. மாமாவின் லைசென்ஸ் மருத்துவக் காரணத்தால் இடைநிறுத்தப்பட்டிருக்கிறது.

அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமா ஒருபோதும் நினைவு தப்பி விழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, ரெண்டு நிமிசம் ஒரு மாதிரி இருந்தது, இருந்த இடத்திலேயே தெளிந்துவிட்டார். நான் டொக்டருக்குச் சொன்னதோ, இந்த மனிதர் இரண்டு நிமிடம் நினைவில்லாமல் கிடந்தார் என்று. ஒரு லொறிச் சாரதி!

டொக்டரில் ஒரு பிழையும் இல்லை. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 203ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாகனம் ஓட்டுவது ஆபத்தாகக்கூடிய நோய் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தால், டொக்டர் அதை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். நோயாளியின் சம்மதம் தேவையில்லை. காரணம் தெரியாமல் நினைவு தப்புவது அப்படிப்பட்ட ஒன்று. அவ தன் கடமையைச் செய்தா. என் வாய்தான் பிழை விட்டது.

லைசென்ஸ் திரும்ப வர மூன்று மாதம் எடுத்தது. குடும்ப டொக்டரிடம் போய் நடந்ததை முதலிலிருந்து விளக்கி, இருபத்துநாலு மணித்தியாலம் நெஞ்சில் கருவி கட்டிப் பார்த்து, ஸ்பெஷலிஸ்டிடம் கடிதம் வாங்கி, அதை அனுப்பிக் காத்திருந்து. அந்த மூன்று மாதமும் மாமாவுக்கு ஓட்டம் இல்லை. மாமா எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாமி ஒரு மாதம் முகம் குடுத்துக் கதைக்கவில்லை.

‘ஃபெயின்ட்’ என்ற சொல்லே ஒரு கண்ணிவெடி. ‘ஐ ஃபெல்ட் ஃபெயின்ட்’ என்றால் மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. ‘ஐ ஃபெயின்டட்’ என்றால் நினைவு தப்பியே விட்டது. முன்னதற்கு ஒரு தண்ணீரும் கதிரையும் கொடுப்பார்கள், பின்னதற்கு அமைச்சுக்கு அறிக்கை போகும். ‘டிஸி’ என்பது தலைச்சுத்து, பொதுவான சொல். அறை முழுக்கத் தன்னைச் சுற்றுகிற மாதிரி இருந்தால் அதற்கு ‘வேர்ட்டிகோ’ என்று தனிப்பெயர், காதுக்குள் இருக்கிற கோளாறாலும் வரும். கண் இருட்டி, தலை காற்றாகிப்போன மாதிரி இருந்தால் ‘லைட்ஹெடெட்’. இந்த நாலையும் டொக்டர்மார் நாலு வேறு பாதையில் தேடிக்கொண்டு போவார்கள்.

தமிழில் இதெல்லாம் இல்லையென்று நினைக்காதேயுங்கோ. எங்கள் ஊரில் ஆச்சிமார் ‘தலை கிறுதியா இருக்கு’ என்பார்கள். அது அப்படியே ‘லைட்ஹெடெட்’தான். மாமா அன்றைக்குக் கிறுதி என்று சொல்லியிருந்தால் நான் ஒரு கணம் நின்றிருப்பேன். அவர் என்னைப் போன்ற ‘படிச்ச பிள்ளை’க்கு விளங்கட்டும் என்று மயக்கம் என்று சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் இந்தச் சொற்களைக் கவனிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் குழப்பமான சொற்கள் என்று புத்தகக்கடையில் தேடினால், கிடைக்கிற புத்தகங்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கானவை. ஒரே மாதிரி ஒலிக்கிற சோடிகள். பாடசாலை அதிபர் ‘பிரின்சிபல்’, கொள்கையும் ‘பிரின்சிபல்’, எழுத்துத்தான் வேறு. காகிதம் பென்சில் ‘ஸ்டேஷனரி’, அசையாமல் நிற்பதும் ‘ஸ்டேஷனரி’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது பாருங்கோ, அவ்வளவு கிட்ட. இதில் பிழைவிட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு கீறுவார், அதோடு முடிந்தது.

நாங்கள் தடுமாறுகிற இடம் வேறு. தமிழில் ஒரு சொல் இருக்கும், ஆங்கிலத்தில் அதே இடத்தில் மூன்று சொல் நிற்கும். தமிழ்ச் சொல் வாயில் வந்தவுடன், மூன்றில் முதலில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இலக்கணத்தில் ஒரு பிழையும் இருக்காது. அதனால் கேட்கிறவருக்குச் சந்தேகமும் வராது. உடைந்த ஆங்கிலம் பேசுகிறவரிடம் இன்னொரு தரம் கேட்பார்கள். சரளமாகப் பேசுகிற என்னிடம் ஏன் கேட்கப்போகிறார்கள்?

‘கேள்’ என்ற சொல்லை எடுங்கோ. வினாவுவதும் கேட்பது, காதில் விழுவதும் கேட்பது, சொல்வழி நடப்பதும் கேட்பது. எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனுடைய டீச்சர் ‘வீட்டில் பிள்ளை எப்படி?’ என்று விசாரித்தபோது, சொல்லுக் கேக்கிறானில்லை என்பதை ‘மை சன் இஸ் நாட் ஹியரிங்’ என்று சொல்லிவிட்டா. டீச்சர் அக்கறையோடு தலையாட்டினா. இரண்டு கிழமையில் பிள்ளையின் செவிப்புலனைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்து கடிதம் வந்தது. ‘ஹியர்’ காதின் வேலை, ‘லிசன்’ மனசின் வேலை. பெடியனுக்குக் காது நல்ல சுத்தம். இப்போது யூனிவர்சிட்டியில் படிக்கிறான், இப்பவும் சொல்லுக் கேக்கிறதில்லை என்கிறா தாய்.

‘மருந்து’ இன்னொன்று. ‘டிரக் ஸ்டோர்’ என்றால் மருந்துக்கடை, ‘டிரக் அலர்ஜி’ என்றால் மருந்து ஒத்துக்கொள்ளாமை. ஆனால் ‘டூ யூ யூஸ் டிரக்ஸ்?’ என்று கேட்டால் போதைப்பொருள். ஒரே கிளினிக்கில், ஒரே படிவத்தில், அடுத்தடுத்த வரியில் இரண்டு அர்த்தமும் வரும். என் அம்மா அதற்கு ‘யெஸ், சிக்ஸ், மோர்னிங் அண்ட் நைட்’ என்று சொல்லி நேர்ஸ் பேனையைக் கீழே வைத்தது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற பகிடி. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் சேர்த்து ஆறு குளிசை. குளிசைக்கு ‘மெடிகேஷன்’ என்று சொல்லப் பழக்கினால் போதும்.

எங்களோடு கப்பலேறி வந்த ஆங்கிலமும் இருக்கிறது. ஊரில் ‘பாஸ்ட் அவுட் இன் 2006’ என்றால் அந்த வருடம் படித்துப் பட்டம் பெற்றவர். இங்கே அது அந்த வருடம் மயங்கி விழுந்தவர். மாமாவின் கதையைச் சொல்லும்போது ஒரு நண்பர் தன்னுடைய வேலை விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாயடைத்துப்போனார். இங்கே ‘கிராஜுவேட்டட்’ என்பதே சொல். சாப்பாட்டுக்கடையை ‘ஹோட்டல்’ என்பதும் அப்படித்தான், ஆனால் அதில் நட்டம் ஒன்றுமில்லை. அதிகம் போனால் கூட வேலை செய்கிறவர் சாப்பாட்டுக்கு அறை எதற்கு என்று யோசிப்பார்.

நட்டம் வருகிற சொல் ‘லீஸ்’. இலங்கையில் ‘லீசிங்’கில் வாகனம் எடுத்தால் மாதாமாதம் கட்டி முடித்ததும் வாகனம் உங்களுடையது. அந்த நினைப்போடு இங்கே வந்து கார் ‘லீஸ்’ எடுக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். மாதக் காசு குறைவாகத் தெரியும், சந்தோசமாகக் கையெழுத்து வைப்பார்கள். நாலு வருடம் கட்டி முடிய, காரைத் திருப்பிக் கொண்டுவா, அல்லது மீதி விலையைக் கட்டு என்பார்கள். ஓடின கிலோமீற்றர் கூடினால் அதற்கும் காசு. ஊரில் நாங்கள் ‘லீஸ்’ என்று சொன்னதற்கு இங்கே பெயர் ‘ஃபைனான்ஸ்’.

இன்னும் மோசமானது கையெழுத்து. ‘அண்ணை, சும்மா ஒரு கையெழுத்து வேணும்’ என்று யாராவது கேட்டால் எங்களால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கையெழுத்து? கனடாக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ‘கேரண்டர்’ என்று ஒருவர் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, கனடாக் கடவுச்சீட்டு உள்ள, விண்ணப்பிக்கிறவரைக் குறைந்தது 2 வருடமாவது தெரிந்த ஒருவர். இவர் இன்னார்தான் என்று உறுதி சொல்வது மட்டும்தான் அவர் வேலை. அதே விண்ணப்பத்தில் ‘ரெஃபரன்ஸ்’ என்று இரண்டு பேர் கேட்பார்கள், அவர்கள் சொந்தக்காரராக இருக்கக்கூடாது, கையெழுத்தும் தேவையில்லை. இதையெல்லாம் பத்துப் பதினைந்து பேருக்குச் செய்து பழகின ஒருவர், வங்கியில் ‘கேரண்டர்’ என்ற அதே சொல்லைக் கண்டதும் அதே மாதிரித்தான் என்று நினைத்துவிட்டார். வங்கியில் ‘கேரண்டர்’ என்றால் கடன் வாங்கினவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டவேணும். ‘கோ-சைனர்’ என்றால் முதல் நாளிலிருந்தே அந்தக் கடன் உங்களுடையதும்தான். ‘விட்னெஸ்’ என்றால் கையெழுத்து வைத்ததைக் கண்ணால் பார்த்தவர், காசோடு ஒரு தொடர்பும் இல்லை. நாலுக்கும் நாங்கள் சொல்வது ‘ஒரு கையெழுத்து’. அந்த மனிதர் தன் மச்சானின் காருக்கு இரண்டு வருடம் காசு கட்டினார். கார் அவருக்குக் கிடைக்கவில்லை, மச்சானும் இப்ப கதைக்கிறதில்லை.

மச்சான் என்று எழுதும்போதே ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் உறவுமுறைதான் ஆங்கிலத்தில் ஆகக் கூடக் குழப்பம் கொடுப்பது. அப்பாவின் அண்ணன் மகனும் எங்களுக்கு அண்ணா, பெரியம்மாவின் மகனும் அண்ணா. ‘பிரதர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். சிலர் ‘கசின் பிரதர்’ என்பார்கள், கனடாக்காரருக்கு அது விளங்காது. கலியாண வீட்டில் இது சிரிப்பு. குடிவரவு விசாரணையில் சிரிப்பில்லை.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும். 1980களில் வந்த எங்கள் ஆட்களுக்கு ‘சிங் வழக்கு’ என்ற பெயர் தெரியும். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அகதிக் கோரிக்கை வைப்பவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்பது கேள்வியாக இருந்தால், வெறும் கடதாசியைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, அவரை நேரில் அழைத்துப் பேச விடவேண்டும் என்பது அதன் சாரம். அந்த நாளைத்தான் கனடாவில் அகதிகள் உரிமை நாளாக நினைவுகூருகிறார்கள். 1989இல் குடிவரவு, அகதிகள் சபை உருவானது. ரொறன்ரோவில் விக்டோரியா தெருவில் அதன் கட்டிடத்துக்குள், ஒரு சின்ன அறையில், ஓர் அங்கத்தவருக்கு முன்னால் இருந்து எத்தனை ஆயிரம் தமிழர் தங்கள் கதையைச் சொல்லியிருப்பார்கள். பேச விட்டார்கள். அதனால் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நிறை வந்துவிட்டது.

அங்கே முதலில் ஒரு படிவம் போகும். முந்தி அதைப் ‘பிஃப்’ என்பார்கள், 2012க்குப் பிறகு ‘பிஓசி’. அதில் எழுதினதும், விசாரணையில் வாயால் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் விழுவது நம்பகத்தன்மை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுக்கு அந்தப் படிவத்தை ஒருவர் உதவியாக மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். காசு வாங்காமல் செய்த உதவி, நல்ல மனம். விசாரணைக்கு முன் வக்கீல் அதை வரிவரியாக வாசித்து விளக்கம் கேட்க, நான் பக்கத்தில் இருந்தேன். ‘ஐ வாஸ் அரெஸ்டட்’ என்று இருந்தது. எந்தப் பொலிஸ் நிலையம், என்ன குற்றச்சாட்டு, கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்களா, ஏதாவது கடதாசி இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார்.

பெடியன் முழித்தான். “அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. சிவில் உடுப்பில வந்தவை, பிடிச்சு வானில ஏத்திக்கொண்டு போனவை. நாலு நாள் எங்க வச்சிருந்தவை எண்டே எனக்குத் தெரியாது.”

‘பிடிச்சவை’. எங்கள் தலைமுறைக்கு அந்த ஒரு சொல் போதும், முழுப் படமும் தெரியும். ஆங்கிலத்தில் அது தெரியாது. சட்டப்படி, இன்ன காரணத்துக்காகக் கைது செய்தால் ‘அரெஸ்ட்’. கைது என்று சொல்லாமல் பிடித்து வைத்திருந்தால் ‘டிடெய்ன்’. ஆர் எவர் என்று தெரியாதவர்கள் தூக்கிக்கொண்டு போனால் ‘அப்டக்ட்’. ஊரைச் சுற்றிவளைத்து எல்லோரையும் கொண்டுபோய் முகாமில் இருத்தினால் ‘ரவுண்ட்-அப்’. இந்தப் பெடியனுக்கு நடந்தது மூன்றாவது. அவனுக்கு நடந்த கொடுமையைவிடச் சட்டபூர்வமான ஒன்றை அவனுடைய படிவம் சொல்லிக்கொண்டிருந்தது. அறையில் போய் இருந்து ‘அரெஸ்ட் இல்லை’ என்று அவன் சொன்னால், மாற்றிச் சொல்கிறான் என்றாகிவிடும்.

அதே படிவத்தில் இன்னொன்று. ‘என்னுடைய பிரதரை 2008இல் கொண்டுபோனார்கள்’ என்று ஒரு பக்கத்தில், குடும்ப விபரத்தில் சகோதரர் என்று ஒரு தங்கச்சி மட்டும். அந்த ‘பிரதர்’ பெரியம்மாவின் மகன். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர், அவனுக்கு அண்ணாதான். வேறு சொல்லே அவன் வாயில் வராது. வக்கீல் மட்டும் கண்டுபிடிக்காவிட்டால், இல்லாத அண்ணனைக் கதைக்காக உண்டாக்கினவன் ஆகியிருப்பான்.

நல்ல காலம், நாள் இருந்தது. விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்னால் கிடைக்கத்தக்கதாக, மாற்றங்களைக் கோடிட்டுக் காட்டி, கையெழுத்தும் திகதியும் போட்டுக் கொடுத்தால் படிவத்தைத் திருத்தலாம். இது பலருக்குத் தெரியாது. ஒருக்கால் எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி அதையே பாடமாக்குவோம் என்று நினைக்கிறார்கள். பிழையான சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு போகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

‘உதவி’ என்ற சொல்லையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வன்னியில் இருந்த ஆச்சி ஒருத்தி, கேட்டு வந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்ததை ‘நானும் இயக்கத்துக்குச் செய்தனான்’ என்று சொல்வா. அதை ‘ஐ வர்க்ட் ஃபோர் தெம்’ என்று மொழிபெயர்க்கலாம், ‘ஐ வாஸ் மேட் டு கிவ் ஃபுட்’ என்றும் மொழிபெயர்க்கலாம். 2006 ஏப்ரலில் கனடா அந்த இயக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, அப்படியான அமைப்பின் ‘மெம்பர்’ ஆக இருந்தவரை உள்ளே விடாது. எது உண்மையோ அதைத்தான் சொல்ல வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் உண்மை என்ன என்பதை அவவிடம் தமிழில் முழுதாகக் கேட்டுவிட்டல்லவா ஆங்கிலத்துக்குப் போகவேண்டும்.

இது எங்களுக்கு மட்டும் வந்த வினை இல்லை. 1980இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவனை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கியூபாக் குடும்பம், வீட்டில் ஸ்பானிய மொழி. ‘இன்டொக்ஸிகாடோ’ என்று சொன்னார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் அர்த்தப்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கிட்ட ஒலிக்கிற ‘இன்டொக்ஸிகேட்டட்’ என்றால் போதையில் இருப்பவன். போதைமருந்து கூடிவிட்டது என்று வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளைக்குள் இரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது நேரம் போய்விட்டது, கைகால் இயங்காமல் போய்விட்டது. நட்டஈடு ஆயுளுக்கும் சேர்த்துச் சுமார் 71 மில்லியன் டொலர் என்று கணக்கு. மருத்துவ மொழிபெயர்ப்புப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இதை வாசித்தது மாமாவின் லைசென்ஸ் திரும்ப வந்த பிறகு. அன்றிரவு நித்திரை வரவில்லை. மூன்று மாதச் சம்பளத்தோடு போயிற்றே என்று முருகனுக்கு நன்றி சொன்னேன்.

இப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் சொல்ல அவளும் ஓடிவருவாள். கடைக்கு, பஸ்ஸுக்கு, சரி. டொக்டரிடம் மட்டும் நான் விடுவதில்லை. அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட எவ்வளவோ நல்லது, ஆனால் அம்மம்மா ‘நெஞ்சு எரியுது’ என்றால் அது ‘ஹார்ட்பர்ன்’ ஆ, ‘செஸ்ட் பெயின்’ ஆ என்று திருப்பிக் கேட்கத் தெரியாது. முன்னது சாப்பாட்டால் வருகிற புளிச்சல், மற்றது ஆம்புலன்ஸ். அதோடு சில விசயங்களை அம்மம்மா பேத்திக்கு முன்னால் சொல்லவும் மாட்டா. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பல இடங்களில் ஃபோனிலாவது ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். நீதிமன்றம் என்றால் அது சலுகைகூட இல்லை, கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு அதை உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. 911க்கு எடுத்தாலும் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னால் ஆளை இணைப்பார்கள். பதட்டத்தில் ஆங்கிலம் தேடாதேயுங்கோ.

மகளுக்கு என்னிடம் இன்னொரு சண்டை, எழுத்துக்கூட்டலில். லைசென்ஸ் என்பதைக் கனடாவில் பெயர்ச்சொல்லாக எழுதினால் கடைசியில் ‘சி’, வினைச்சொல்லாக எழுதினால் ‘எஸ்’. ‘பிராக்டிஸ்’ உம் அப்படியே. அமெரிக்கர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, கம்பியூட்டர் அமெரிக்கர் பக்கம் நின்று சிவப்புக் கோடு போடும். 1998இல் வந்த கனடிய ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியைத் தூக்கிக் காட்டினால் ‘அம்மா, ஓட்டோகரெக்ட்’ என்கிறாள். இருக்கட்டும். அதில் ஒருவருக்கும் லைசென்ஸ் போகாது.

ஒன்றுமட்டும் தமிழிடமிருந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பள்ளிக்கூட வேலை ‘பை ஃப்ரைடே’ தரவேண்டும் என்றால் வெள்ளிக்குள்ள. ‘அன்டில் ஃப்ரைடே’ இருப்பேன் என்றால் வெள்ளி வரைக்கும். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் எனக்குப் பல வருடம் தடுமாறியது. தமிழில் வைத்துச் சொல்லிப் பார்த்தால் பிழைக்கவே முடியாது. குழப்பம் எப்போதும் எங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறதும் பிழை.

மாமா இப்போது ஓய்வு. லொறி இல்லை, விரதம் இருக்கிறது. போன வசந்தத்தில் அவருடைய குடும்ப டொக்டர் ஓய்வுபெற, புதியவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பழைய நோய் விபரம் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். இதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்ற கேள்வி வந்தது. நான் வாயைத் திறக்க முன்னம் மாமா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“நோ ஃபெயின்ட்” என்றார் டொக்டரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக. “ஒன்லி கிறுதி.”

டொக்டர் என்னைப் பார்த்தார்.